ஆபீஸ்லதான் மெடிக்ளெய்ம் இருக்கே, தனியா எதுக்கு?

கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது சி.டி.சி. எவ்வளவு என்பதைத்தான். அப்புறம் எந்த ஊரில் போஸ்டிங், பாண்ட் எத்தனை வருஷம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'குரூப் மெடிக்ளெய்ம் - 3 லட்சம்' என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் அதைக் கவனிக்கிற ஒரே ஆள் அநேகமாக அப்பாதான். "பரவாயில்லையே, ஆஸ்பத்திரி செலவைக்கூட கம்பெனியே பாத்துக்குதாமே" என்று அம்மாவிடம் சொல்வார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுபடி அந்தப் பேச்சு எழுவது வேலை போன மாதத்திலோ, ரிட்டயர்மென்ட் விழாவில் போட்ட மாலை வாடிய மறுநாளோதான். முதல் பேச்சு எவ்வளவு இனிப்போ அவ்வளவு கசப்பு இந்த இரண்டாவது பேச்சு. ஏன் அப்படி? அதைத் தவிர்க்க இருபத்திரண்டு வயதில் என்ன செய்யலாம்? அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

குரூப் பாலிசி மோசமா?

இல்லவே இல்லை. நியாயமாகப் பார்த்தால் குரூப் பாலிசி அளவுக்கு தாராளமான இன்ஷூரன்ஸ் வேறு கிடையாது. பெரும்பாலும் மெடிக்கல் டெஸ்ட் இல்லை. சுகர் இருக்கிறதா, பி.பி. இருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. பல கம்பெனிகளில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பழைய வியாதிக்கும் பணம் தருவார்கள். பிரசவச் செலவு சேர்த்தி. சில இடங்களில் அப்பா அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு திடீரென்று என்ன இவ்வளவு பெரிய மனசு? மனசெல்லாம் இல்லை, கணக்குதான். ஒரு கம்பெனியில் இரண்டாயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்றால், அவர்கள் அங்கே சேர்ந்தது வேலைக்காக. ஆஸ்பத்திரிச் செலவுக்காக யாரும் சேரவில்லை. அதனால் அந்தக் கூட்டத்தில் நோயாளியும் இருப்பார், ஆரோக்கியமானவரும் இருப்பார், எல்லாம் கலந்து கட்டி இருக்கும். மொத்தமாகப் பார்த்து ஒரு ரேட் போட்டுவிடலாம். தனித்தனியாகத் துருவ வேண்டியதில்லை.

தனியாக பாலிசி கேட்டு ஒருவர் வந்து நிற்கும்போது கதை மாறுகிறது. "நேற்று வரை வராத இந்த ஆள் இன்றைக்கு ஏன் வந்தார்?" என்ற சந்தேகம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வரும். டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாரோ? பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல் எழுதிய, பழைய கார் சந்தை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இந்த உதாரணம் வருகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடைப்பது ஏன் கஷ்டம்? விலையை ஏற்றினால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், நோய் வரும் என்று தெரிந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், அதனால் விலை இன்னும் ஏறும். இதுதான் அவர் சொன்ன காரணம். இந்த மாதிரி ஆராய்ச்சிகளுக்காக 2001ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

தனி பாலிசியில் கேட்கிற கேள்விகள், டெஸ்டுகள், காத்திருப்பு காலம் எல்லாமே இந்த சந்தேகத்திலிருந்து வந்தவைதான். பாலிசி எடுத்த முதல் 30 நாள், விபத்து தவிர வேறு எதற்கும் பணம் கிடையாது. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று ஆபரேஷன் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதற்கெல்லாம் பொதுவாக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த வியாதி என்றால் அதிகபட்சம் மூன்று வருடம். (2024 ஏப்ரல் வரை இது நான்கு வருடமாக இருந்தது. ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்தது.)

வாங்குவது பணத்தை அல்ல, வருடங்களை

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்றால் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று பணத்தை வாங்குவதாக நினைக்கிறார்கள். தனி பாலிசியில் நிஜமாக வாங்குவது வருடங்களை. அவசரத்துக்குப் பணத்தைக் கடன் வாங்கலாம், நகையை வைக்கலாம், சொந்தக்காரர்களிடம் கேட்கலாம். கழிந்திருக்க வேண்டிய மூன்று வருட காத்திருப்பு காலத்தை யாரிடம் போய்க் கடன் கேட்பது?

ஒரு உதாரணம் பார்ப்போம். அம்பத்தூரில் ஒரு தனியார் தொழிற்சாலை, முப்பது வருட சர்வீஸ், 58 வயதில் ரிட்டயர்மென்ட் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதில் சுகர் வந்தது, ஐம்பதில் பி.பி. சர்வீஸ் முழுக்க கம்பெனி மெடிக்ளெய்ம் இருந்ததால் தனியாக எதுவும் எடுக்கவில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் கடைசி வேலைநாளோடு அந்த பாலிசியும் முடிந்துவிடும். அடுத்த வாரம் அவர் புதிதாகத் தனி பாலிசி கேட்டுப் போனால் அவர் புது ஆள். முப்பது வருடம் இன்ஷூரன்ஸில் இருந்தவர் என்பது அங்கே செல்லாத நோட்டு. சுகரைப் பார்த்துவிட்டு மறுக்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம். ஒத்துக்கொண்டாலும் சுகர் சம்பந்தமான எதற்கும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டி வரலாம். அதாவது 61 வயது வரை. இதயமும் சிறுநீரகமும் கண்ணும் தொல்லை கொடுக்க ஆரம்பிக்கிற வயது அது.

அதே மனிதர் முப்பது வயதில், உடம்பில் ஒன்றும் இல்லாதபோது, சின்னதாக ஒரு சொந்த பாலிசி எடுத்து விடாமல் புதுப்பித்து வந்திருந்தால்? நாற்பத்தைந்தில் வந்த சுகர் 'முன்பே இருந்த வியாதி' ஆகவே ஆகாது. பாலிசி எடுத்த பிறகு வந்த வியாதி அது. ரிட்டயர் ஆன மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் பாலிசி வேலை செய்யும்.

ரிட்டயர்மென்ட் தூரத்தில் இருக்கிறது என்பவர்களுக்கு இன்னொரு விஷயம். குரூப் பாலிசி என்பது கம்பெனிக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் இடையே வருடா வருடம் போடும் ஒப்பந்தம். ஊழியர் அதில் பயனாளி மட்டுமே. போன வருடம் க்ளெய்ம் அதிகமானால் இந்த வருடம் ரேட் ஏறும். ரேட் ஏறினால் கம்பெனி தொகையைக் குறைக்கலாம், பெற்றோர் செலவில் 20 சதவீதம் நீயே கட்டு என்று சொல்லலாம், பெற்றோரை மொத்தமாகவே எடுத்துவிடலாம். ஊழியரைக் கேட்க வேண்டியதில்லை. ஹெச்.ஆர். ஒரு மெயில் அனுப்பினால் போதும். வேலை மாறும்போது இரண்டு கம்பெனிக்கு நடுவே ஒரு மாதம் இடைவெளி விழுந்தால், அந்த ஒரு மாதம் வெறும் கையோடுதான்.

இவர்களுக்காவது பாதி வாழ்க்கை குரூப் பாலிசி இருக்கிறது. ஆட்டோ ஓட்டுபவர், டெய்லர், டீக்கடை வைத்திருப்பவர், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர் இவர்களுக்கெல்லாம் எந்த ஹெச்.ஆரும் மெயில் அனுப்புவதில்லை. அவர்களுக்குத் தனி பாலிசியை விட்டால் அரசுத் திட்டம்தான்.

"அரசாங்கத் திட்டம் இருக்கே?"

இருக்கிறது, அது பெரிய விஷயமும்கூட. தமிழ்நாட்டில் 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. 2022ல் அதைப் புதுப்பித்தபோது வைத்த வருமான வரம்பு வருடத்துக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் பத்தாயிரம். இன்னொரு பக்கம், 2024 அக்டோபரில் மத்திய அரசு தன் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயது கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், 5 லட்சம் வரை விரிவாக்கியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதித்து, 58ல் ரிட்டயர் ஆகி, இன்னும் 70 ஆகாத மனிதர் எதில் வருகிறார்? எதிலும் இல்லை. பன்னிரண்டு வருடம். நடுத்தர வர்க்கத்து அப்பா அம்மாக்கள் எல்லோரும் நிற்பது இந்தப் பன்னிரண்டு வருடத்துப் பள்ளத்தில்தான். தனி பாலிசி என்பது இந்தப் பள்ளத்துக்கு மேலே போடுகிற பலகை. பள்ளத்துக்குள் விழுந்த பிறகு பலகை போட முடியாது.

"ரெண்டு தடவை எதுக்குப் பணம் கட்டணும்?"

நியாயமான கேள்வி. கம்பெனி பாலிசி இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்தால், அந்த வருடங்களில் சொந்த பாலிசி சும்மா கிடக்கும். க்ளெய்ம் வராது. பணம் போச்சே என்று தோன்றும். ஆனால் அது சும்மா கிடக்கவில்லை, வயசு ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று வருடத்தில் காத்திருப்பு காலம் முடிகிறது. ஐந்து வருடம் தொடர்ந்து கட்டினால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, "அன்றைக்கு ஃபாரத்தில் இதைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. (இது முன்பு எட்டு வருடமாக இருந்தது. 2024ல் ஐந்தாகக் குறைந்தது.)

முழு பாலிசிக்கு வசதி இல்லாதவர்களுக்கு சூப்பர் டாப்-அப் என்று ஒன்று உண்டு. வருடத்தில் முதல் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ நீ பார்த்துக்கொள், அதற்கு மேல் போனால் நாங்கள் தருகிறோம் என்கிற பாலிசி. முதல் தொகையை கம்பெனி பாலிசி பார்த்துக்கொள்ளும். பெரிய தொகைக்கு ஒப்பிடும்போது பிரீமியம் ரொம்பக் குறைவு. ஒரே குறை, கம்பெனியை விட்டு வந்த பிறகு அந்த முதல் தொகைக்குக் கையில் வழி இருக்க வேண்டும்.

வரி விஷயத்திலும் காற்று தனி பாலிசி பக்கம் திரும்பியிருக்கிறது. 2017லிருந்து ஹெல்த் பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 10,000 ரூபாய் பிரீமியம் என்றால் 1,800 ரூபாய் வரி. நோய்க்கு பயந்து சேமிப்பவனுக்கு வரியா என்று பல வருடம் பலர் கத்திய பிறகு, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு அந்த வரி முற்றிலும் நீக்கப்பட்டது. குரூப் பாலிசிக்கு நீங்கவில்லை.

இன்னொரு ஆட்சேபத்தை மறுக்க முடியாது. வயதாக ஆக பிரீமியம் ஏறும், சில வருடங்களில் கன்னாபின்னாவென்று ஏறும். இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் முன்கூட்டியே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. நிறுவனம் பிடிக்கவில்லையென்றால், 2011 அக்டோபரிலிருந்து இருக்கிற போர்ட்டபிலிட்டி வசதியில், கழித்த காத்திருப்பு காலத்தோடு வேறு நிறுவனத்துக்கு மாறக் கேட்கலாம். மொபைல் நம்பர் மாதிரி என்று விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு சுலபமில்லை; புது நிறுவனம் உடம்பைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் மாறுவதாக இருந்தாலும் ஆரோக்கியமாக இருக்கும்போதே மாற வேண்டும்.

தனக்குத் தானே ஹெச்.ஆர்.

குரூப் பாலிசியில் பேரம் பேசுவதற்கு கம்பெனி இருக்கிறது. தனி பாலிசியில் வாங்குபவரே எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். முக்கியமாக மூன்று.

முதலாவது, ரூம் வாடகை வரம்பு. 5 லட்சம் பாலிசியில் ஒரு நாள் ரூம் வாடகை 1 சதவீதம் என்று இருந்தால், வரம்பு 5,000 ரூபாய். ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் ரூம்தான் காலி என்று அதில் சேர்கிறார்கள். நான்கு நாள். வித்தியாசம் 12,000 ரூபாய்தானே, கட்டிவிடலாம் என்று நினைப்பார்கள். அங்கேதான் இடி. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் என்று ரூமோடு ஏறுகிற செலவெல்லாம் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை 1,60,000 ரூபாய் என்றால் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 1,00,000 மட்டுமே வரும். 60,000 போச்சு. ரூம் வித்தியாசத்தையும் சேர்த்தால் 72,000 ரூபாய் கையிலிருந்து. (மருந்து, உள்ளே பொருத்துகிற கருவிகள், பரிசோதனைச் செலவு ஆகியவற்றை இப்படி வெட்டக்கூடாது என்று 2020ல் விதி வந்தது. அது ஒரு ஆறுதல்.) ரூம் வரம்பே இல்லாத பாலிசிக்கு சில நூறோ ஆயிரமோ கூடக் கொடுப்பது லாபம்.

இரண்டாவது, கோ-பே. ஒவ்வொரு க்ளெய்மிலும் 10 அல்லது 20 சதவீதம் பாலிசிதாரர் தலையில். மூத்த குடிமக்கள் பாலிசிகளில் இது சகஜம். மூன்று லட்சம் பில்லில் 20 சதவீதம் என்றால் அறுபதாயிரம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உண்மையைச் சொல்வது. "சுகர்னு எழுதினா பிரீமியம் ஏறும் சார், 'இல்லை'ன்னு போட்டுக்கறேன்" என்று சொல்கிற ஏஜென்ட்டுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவருக்கு கமிஷன் அன்றைக்கே வந்துவிடும். க்ளெய்ம் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் "எட்டு வருடமாக சர்க்கரை நோய்" என்று எழுதியிருப்பார். கட்டிய பிரீமியம் எல்லாம் தண்டம். கையெழுத்து யாருடையதோ பொறுப்பும் அவருடையது. பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் படித்துவிடலாம். படிக்க மாட்டார்கள் :-)

அரசாங்கம் செய்ய வேண்டியது

எல்லாப் பாரத்தையும் தனி மனிதன் தலையில் போட்டுவிட்டு "நீ ஏன் முப்பது வயதில் எடுக்கவில்லை?" என்று கேட்பது அழகல்ல. முப்பது வயதில் வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் இருக்கும்.

குரூப் பாலிசியிலிருந்து விலகுபவர் அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள விதி ஏற்கனவே இருக்கிறது. குரூப்பில் கழித்த காலத்துக்குக் கணக்கும் உண்டு. ஆனால் மருத்துவப் பரிசீலனை செய்து ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் நிறுவனம் இருக்கிறது. அதைவிடக் கொடுமை, இப்படி ஒரு வழி இருப்பதே வேலையை விடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ரிலீவிங் லெட்டர் வாங்கவும் பி.எஃப். பணம் வாங்கவும் அலைகிறார்கள். இதைக் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

அமெரிக்காவை மருத்துவச் செலவு விஷயத்தில் யாரும் முன்னுதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். அங்கேகூட 1986ல் வந்த கோப்ரா சட்டப்படி, குறைந்தது இருபது பேர் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து வேலை போனவர், முழுச் செலவையும் தானே கட்டி, பொதுவாக 18 மாதம் வரை அதே குரூப் பாலிசியில் தொடரலாம். விலை அதிகம்தான். ஆனாலும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. 2014லிருந்து, பழைய வியாதியைக் காரணம் காட்டித் தனி பாலிசி மறுப்பதும் அங்கே சட்டப்படி முடியாது.

இங்கே அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் இரண்டு விஷயம் செய்யலாம். ஒன்று, ரிலீவிங் லெட்டரோடு, "இவர் இத்தனை வருடம் குரூப் பாலிசியில் இருந்தார், இந்தத் தேதிக்குள் தனி பாலிசிக்கு மாறலாம்" என்று ஒரு தாள் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு, ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து குரூப்பில் இருந்தவரை, அதே தொகை அளவுக்காவது, மறுக்கக்கூடாது என்று சொல்ல வேண்டும். சந்தேகப்பட என்ன இருக்கிறது? நோய் வந்த பிறகு ஓடி வந்தவர் இல்லையே அவர். முப்பது வருடமாக உள்ளேயே இருந்தவர். கம்பெனி கட்டியது என்றாலும் அவருடைய உழைப்புக்குக் கொடுத்த சம்பளத்தின் ஒரு பகுதிதான் அந்த பிரீமியம். அந்த வருடங்கள் அவருடையவை.

அது வரும்வரை வழி ஒன்றுதான். ஆஃபர் லெட்டரில் இருக்கிற அந்தப் பொடி எழுத்து வரியை சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வாட்ச் எல்லாம் வாங்கட்டும். இரண்டாவது மாதம், தனக்கென்று ஒரு சின்ன பாலிசி. முடிந்தால் அப்பா அம்மாவுக்குத் தனியாக இன்னொன்று. (எல்லோரையும் ஒரே பாலிசியில் போட்டால் மூத்தவர் வயதுக்குத்தான் பிரீமியம் போடுவார்கள்.) அப்பாவுக்கு இன்னும் 58 ஆகவில்லை என்றால் இன்றைக்கே. ஏனென்றால் காத்திருப்பு காலத்தின் கடிகாரம், பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

டிஸ்கி: எந்த நிறுவனத்தின் பெயரும் இந்தப் பதிவில் வேண்டுமென்றேதான் சொல்லப்படவில்லை. "எது பெஸ்ட்?" என்ற கேள்வியைவிட "எப்போது?" என்ற கேள்விதான் முக்கியம்.